ஒன்றேகால் பக்கத்தில் விடுபட்ட ஒரு வரி

1983 ஆகஸ்ட் 30. அமெரிக்காவின் நடுவில் இருக்கும் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமஹா நகரம். அன்று முதலீட்டாளர் வாரன் பஃபெட்டுக்குப் பிறந்தநாள். கையில் ஒரு ஒப்பந்தத்தோடு உள்ளூர் மரச்சாமான் கடை ஒன்றுக்குள் நுழைந்தார். ஒப்பந்தம் மொத்தமே ஒன்றேகால் பக்கம்தான். கடையில் சரக்கு எவ்வளவு என்று எண்ணிப் பார்க்க ஆள் அனுப்பவில்லை. கணக்குப் புத்தகங்களைத் தணிக்கை செய்யச் சொல்லவும் இல்லை. கடைக்காரம்மா சொன்ன வார்த்தையை நம்பி, கடையின் 90 சதவீதப் பங்குக்கு 55 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டு கைகுலுக்கினார். ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா தாளில் தன் குறியைப் போட்டார். அவர் பெயர் ரோஸ் பிளம்கின். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். எல்லோருக்கும் அவர் ‘மிசஸ் பி’.

அந்த ஒன்றேகால் பக்கத்தில் ஒரு வரி விடுபட்டிருந்தது. கடையை விற்றவர் மறுபடி போட்டிக் கடை போடக் கூடாது என்ற வரி. வியாபாரத்தை விலைக்கு வாங்குகிறவர்கள் வழக்கமாகச் சேர்க்கும் வரிதான் அது. ஆனால் 89 வயதுப் பாட்டியிடம் அதை யார் கேட்பார்கள்?

ஆறு வருடம் போனது. 95 வயதில் அதே பாட்டி பேரன்களோடு மனஸ்தாபப்பட்டு வெளியே வந்து, தான் உருவாக்கிய கடைக்கு எதிரிலேயே இன்னொரு கடை திறந்தார்.

அமெரிக்க வணிக வரலாற்றில் இதை ஒரு வேடிக்கைக் கதையாகவே சொல்வார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. ஒரு குடும்பக் கடை தலைமுறை தாண்டும்போது எது கைமாறுகிறது, எது மாறாமல் நின்றுவிடுகிறது என்பதை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் வரலாறு வேறு இருக்குமா என்று தெரியவில்லை. அதற்கு முதலில் அந்தக் கடை எப்படி உண்டானது என்று பார்க்க வேண்டும்.

ரோஸ் பிறந்தது 1893 டிசம்பர் 3-ஆம் தேதி, இன்றைய பெலாரஸில் மின்ஸ்க் நகருக்குப் பக்கமாக இருந்த ஷ்செட்ரின் என்ற யூத கிராமத்தில். அப்போது அது ரஷ்யப் பேரரசு. அப்பா யூத மத குரு. வீட்டுக்கு வருமானம் அம்மா நடத்திய சின்ன மளிகைக் கடையிலிருந்துதான் வந்தது. மரக்கட்டையால் கட்டிய இரண்டு அறை வீடு, எட்டுப் பிள்ளைகள், படுக்க வைக்கோல் பாய். ரோஸ் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆறு வயதிலேயே அம்மாவின் கடையில் கூடமாட நின்றார்.

13 வயதில் வேலை தேடிக் கிளம்பியதுதான் அவர் வாழ்க்கையில் எனக்கு மறக்காத காட்சி. ரயிலடிக்கு ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நடக்க வேண்டும். காலணியின் அடித்தோல் தேய்ந்துவிடுமே என்று அதைத் தோளில் தொங்கப் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள் அந்தப் பெண். கோமெல் நகரில் இறங்கி ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினாள். 25 கடைகளில் துரத்திவிட்டார்கள். 26-ஆவது துணிக்கடையில் ஒரு இரவு தங்க மட்டும் இடம் கேட்டு, விடிவதற்குள் கடையைப் பெருக்கித் துடைத்து வைத்துவிட்டாள். வேலை கிடைத்தது. 16 வயதில் அந்தக் கடையின் மேலாளர். அவள் சொல்படி வேலை செய்த ஆறு பேரும் கல்யாணமான ஆண்கள்.

1914-இல் இசடோர் பிளம்கின் என்ற செருப்புக் கடை விற்பனையாளரோடு திருமணம். உலகப் போர் வெடித்தது. ஜார் மன்னரின் படைக்குப் பிடித்துப் போய்விடுவார்கள் என்று இசடோர் அமெரிக்காவுக்குத் தப்பினார். ஒருவருக்கு மட்டும்தான் பயணச் செலவுக்குப் பணம் இருந்தது. ரோஸ் பின்தங்கினார். பிறகு அவரும் கிளம்பினார், மேற்கே ஐரோப்பா வழியாக அல்ல, கிழக்கே சைபீரியா வழியாக ரயிலில். சீன எல்லையில் காவலாளி தடுத்தபோது, “ராணுவத்துக்குத் தோல் வாங்கப் போகிறேன், திரும்பி வரும்போது உனக்கு ஒரு பெரிய வோட்கா பாட்டில்” என்று சொல்லிக் கடந்தார். அங்கிருந்து ஜப்பான், ஜப்பானிலிருந்து கப்பல். 1917-இல் சியாட்டில் துறைமுகத்தில் இறங்கியபோது ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாது.

முதலில் அயோவா மாநிலத்தின் ஃபோர்ட் டாட்ஜில் குடியேறினார்கள். மொழி தெரியாத ஊரில் இருக்கப் பிடிக்கவில்லை. யூதர்களின் இத்திஷ் மொழி பேசுகிறவர்கள் இருந்த ஒமஹாவுக்கு 1919-இல் மாறினார்கள். ஒரு மகன், மூன்று மகள்கள். மூத்தவள் ஃபிரான்சிஸ் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்த ஆங்கிலத்தைத்தான் அம்மா கற்றுக்கொண்டார். மகளுக்கு அம்மா பேச்சுச் சொல்லிக் கொடுப்பது உலக வழக்கம். அந்த வீட்டில் மகள் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

இசடோர் பழைய துணிமணிகள் விற்றும் அடகுக்கடை நடத்தியும் குடும்பம் ஓட்டினார். 1930-களின் பெருமந்தம் வந்தபோது வியாபாரம் படுத்துவிட்டது. அப்போதுதான் ரோஸ் கடைக்குள் காலெடுத்து வைக்கிறார். 10,000 துண்டுப் பிரசுரம் அடித்தார். ஐந்து டாலர் கொண்டுவந்தால் ஒரு ஆணுக்கு உள்ளாடை, சூட், டை, ஷூ, தொப்பி என்று தலை முதல் கால் வரை உடுத்தி அனுப்புகிறோம் என்பதே செய்தி. ஒரே நாளில் 800 டாலருக்கு விற்றது. ஊரில் கையில் காசில்லாத காலத்தில்தான், குறைந்த விலைக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்பதை அவர் நேரில் பார்த்தார். பின்னாளில் செய்த எல்லாமே இந்த ஒரு நாளின் விரிவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

1937-இல் தம்பியிடம் 500 டாலர் வாங்கி, கணவரின் கடைக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் மரச்சாமான் கடை திறந்தார். வயது 43. சிகாகோவில் மொத்த வியாபாரிகள் கூடும் பிரம்மாண்டமான ‘அமெரிக்கன் ஃபர்னிச்சர் மார்ட்’ என்ற கட்டடத்தைப் பார்த்த மயக்கத்தில் தன் நிலவறைக்கு ‘நெப்ராஸ்கா ஃபர்னிச்சர் மார்ட்’ என்று பெயர் வைத்தார். சிகாகோ வியாபாரிகளிடம் கடனுக்குச் சரக்கு எடுத்தாயிற்று. தவணை நாள் நெருங்கியபோது கல்லாவில் போதுமான பணம் இல்லை. வீட்டிலிருந்த நாற்காலி, மேசை, குளிர்பதனப் பெட்டி எல்லாவற்றையும் கடைக்குத் தூக்கிவந்து விற்றுக் கடனை அடைத்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பார்த்தது வெறும் வீட்டை. கடன் கொடுத்தவரிடம் சொன்ன வார்த்தை தவறக் கூடாது என்ற பிடிவாதத்துக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அந்தக் கடை எவ்வளவு பெரிய விழுங்கியாக இருக்கப் போகிறது என்பதற்கும் இதுவே சான்று. வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் சுவரே இல்லை.

பத்து சதவீதம்

அவரது வியாபாரக் கொள்கையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். மலிவாக விற்க வேண்டும், உண்மையைச் சொல்ல வேண்டும், யாரையும் ஏமாற்றக் கூடாது. அசல் விலையின் மேல் பத்து சதவீதம் வைத்து விற்றார். மற்ற கடைகள் அசலுக்கு இரண்டு மடங்குவரை விலை சொல்லிக்கொண்டிருந்த தொழில் அது.

மரச்சாமான் விற்பவர்கள் அவ்வளவு விலை வைக்கக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரு சோபா ஒரு அறையின் பாதியை அடைத்துக்கொள்ளும். அதை நிறுத்த இடம் வேண்டும், இடத்துக்கு வாடகை வேண்டும். வாங்குகிறவர் பத்து வருடத்துக்கு ஒரு முறைதான் வருவார். சரக்கு மாதக்கணக்கில் தேங்கும், நாளாக ஆகப் பழைய மோஸ்தராகிவிடும். மெதுவாக விற்கும் பொருளில் ஒவ்வொரு விற்பனையிலும் நிறைய லாபம் பார்த்தால்தான் கடை நிற்கும் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம்.

மிசஸ் பி அந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டார். ஒரு உதாரணத்துக்கு, 100 டாலர் முதலைச் சரக்கில் போட்டு வருடத்தில் ஒரே முறை 160 டாலருக்கு விற்கும் கடைக்கு 60 டாலர் மிச்சம். அதே 100 டாலரை 110-க்கு விற்று, வந்த காசில் மறுபடி சரக்கு எடுத்து வருடத்தில் ஆறு முறை சுற்றவிடும் கடைக்கும் 60 டாலர் மிச்சம். இரண்டாவது கடைக்கு ஆறு மடங்கு வாடிக்கையாளர்கள் கிடைத்திருப்பார்கள். அந்த ஆறு பேரும் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில் இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. கொள்முதல் விலை அடிமட்டமாக இருக்க வேண்டும், கடைச் செலவு அதைவிட அடிமட்டமாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் பத்து சதவீதக் கடை ஆறு மாதத்தில் மூடிவிடும்.

கொள்முதலில் உடனே இடி விழுந்தது. ஒமஹாவின் மற்ற வியாபாரிகள் உற்பத்தியாளர்களை நெருக்கினார்கள், அவர்களும் இவருக்குச் சரக்கு கொடுக்க மறுத்தார்கள். மிசஸ் பி ரயிலேறி வெளியூர்களுக்குப் போனார். சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட் போன்ற பெரிய கடைகளிடம், அவர்கள் வாங்கிய விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்துச் சரக்கெடுத்து வந்தார். இன்னொரு கடைக்காரரிடம் வாங்கி விற்றும் அவரது விலை உள்ளூர் விலையைவிடக் குறைவாகவே இருந்தது.

இதுதான் நீதிமன்றம் வரை போனது. இந்த இடத்தில் நம் வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. நம்மூரில் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி. என்பது உச்சவரம்பு, அதற்கு மேல் விற்கக் கூடாது. அன்றைய அமெரிக்காவில் ‘நியாய வணிகச் சட்டங்கள்’ என்ற பெயரில் இருந்தது அதற்கு நேரெதிர். உற்பத்தியாளர் நிர்ணயித்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது. மாநிலங்களின் இந்தச் சட்டங்களுக்கு மத்திய அரசு வழிவிட்ட மில்லர்–டைடிங்ஸ் சட்டம் நிறைவேறியதும் 1937-இல்தான், நிலவறைக் கடை திறந்த அதே ஆண்டு. சின்னக் கடைகளைப் பெரிய சங்கிலிக் கடைகளிடமிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு வந்த சட்டம், நிலவறையில் இருந்த சின்னக் கடை ஒன்றின் கழுத்தில் கைவைத்தது.

1950-ஐ ஒட்டிய காலத்தில் நடந்த கார்ப்பெட் வழக்கு பிரசித்தம். மார்ஷல் ஃபீல்டிடம் கெஜம் மூன்று டாலருக்கு வாங்கிய கார்ப்பெட்டை அவர் 3 டாலர் 95 சென்ட்டுக்கு விற்றார். ஊரில் மற்றவர்கள் 7 டாலர் 95 சென்ட் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மோஹாக் என்ற கார்ப்பெட் நிறுவனம் வழக்குப் போட்டது. எதிர்த்தரப்பில் வக்கீல்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, மிசஸ் பி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நீதிபதியிடம் கணக்குச் சொன்னார். அசலுக்கு மேல் பத்து சதவீதம் வைக்கிறேன், அதிலேயே எனக்கு லாபம் இருக்கிறது, என் வாடிக்கையாளரை நான் கொள்ளையடிப்பதில்லை, இதில் என்ன தப்பு? வழக்குத் தள்ளுபடியானது. அந்த நீதிபதியே பிறகு அவர் கடைக்கு வந்து 1,400 டாலருக்குக் கார்ப்பெட் வாங்கிப் போனார். செய்தித்தாள்கள் இதை எழுதியதில் கிடைத்த விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைக்காதது.

கார்ப்பெட் என்பது இந்தக் கதையில் தற்செயலாக வந்த பொருள் அல்ல, அதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நாற்காலிக்கு விலைச்சீட்டு உண்டு, பார்த்து எடுத்துக்கொள்ளலாம். கார்ப்பெட்டை வெட்டி விற்க வேண்டும். வாடிக்கையாளர் அறையின் நீள அகலத்தை அடிக்கணக்கில் சொல்வார், விலை சதுர கெஜத்தில் இருக்கும். 12 அடிக்கு 15 அடி அறை என்றால் 180 சதுர அடி, ஒன்பதால் வகுத்தால் 20 சதுர கெஜம், அதைக் கெஜ விலையால் பெருக்கி வரியைச் சேர்க்க வேண்டும். சுருளின் அகலத்துக்கு அறை பொருந்தாவிட்டால் எவ்வளவு துண்டு வீணாகும் என்றும் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடமே போகாத மிசஸ் பி இதையெல்லாம் மனக்கணக்காகவே போட்டு, எதிரில் நிற்பவர் பேனாவைத் திறப்பதற்குள் தொகையைச் சொல்லிவிடுவார். பேரமும் அளவும் கணக்கும் கண் பார்வையும் ஒன்றுசேரும் இடம் கார்ப்பெட் பிரிவு. கடையிலேயே அவருக்குப் பிடித்த இடமும் அதுதான். கடைசிவரை அவர் தன் கையை விட்டு விடாத பிரிவும் அதுதான்.

அம்மா துரத்துவார், மகன் கூப்பிடுவார்

1950 அவருக்குக் கெட்ட வருடம். இசடோர் இறந்தார். கொரியப் போரால் விற்பனை சரிந்து, கடன் பாக்கி கழுத்தைப் பிடித்தது. உள்ளூர் வங்கியாளர் ஒருவர் 90 நாள் தவணையில் 50,000 டாலர் கொடுத்தார். மிசஸ் பி நகரின் பெரிய அரங்கத்தை வாடகைக்குப் பிடித்து, கடைச் சரக்கை அங்கே கொண்டுபோய்க் கொட்டி விற்றார். மூன்று நாளில் 2,50,000 டாலர். கடன் அடைந்தது. அதன் பிறகு கடன் வாங்கவே கூடாது என்று முடிவெடுத்தார். அந்தக் கடையின் உண்மையான அஸ்திவாரம் இந்த முடிவுதான் என்பது என் கணிப்பு. வட்டி கட்ட வேண்டாத கடைக்கு மட்டுமே பத்து சதவீதம் கட்டுபடியாகும்.

இதற்குள் இரண்டாம் தலைமுறை வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய மகன் லூயி கடையில் சேர்ந்தார். அம்மா கோபக்காரி. வேலையில் சுணக்கம் கண்டால் அந்த இடத்திலேயே ஆளை வெளியே போகச் சொல்லிவிடுவார். லூயி பின்னாலேயே போய் அவரைச் சமாதானம் செய்து மறுபடி வேலைக்குக் கூட்டி வருவார். வெளியிலிருந்து பார்த்தால் முரண்பாடு. உள்ளே அது ஒரு நல்ல ஏற்பாடு. அம்மாவின் கறார் இல்லாவிட்டால் கடைச் செலவு ஏறியிருக்கும். மகனின் தன்மை இல்லாவிட்டால் அனுபவசாலிகள் தங்கியிருக்க மாட்டார்கள். வாரத்தில் ஏழு நாளும் கடையில் கிடந்த முதலாளியம்மாவின் கீழ் வேலை செய்வது லேசான காரியமாக இருந்திருக்காது. அதை மறைத்து அவரை தெய்வமாக்க எனக்கு மனமில்லை.

லூயி நாட்டிலேயே சாமர்த்தியமான மரச்சாமான் கொள்முதல்காரர் என்று பெயரெடுத்தார். எனக்குக் கிடைத்ததுபோல் ஆசிரியர் யாருக்கும் கிடைத்ததில்லை என்று லூயி சொல்வாராம், எனக்குக் கிடைத்ததுபோல் மாணவன் யாருக்கும் கிடைத்ததில்லை என்று அம்மா சொல்வாராம். இரண்டுமே உண்மை என்று பஃபெட் தன் நிறுவனமான பெர்க்‌ஷயர் ஹாத்தவேயின் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார்.

1975 மே 6-ஆம் தேதி ஒமஹாவைச் சூறாவளி தாக்கி 72-ஆவது தெருவில் இருந்த கடையை உடைத்துப் போட்டது. குடும்பம் கையிலிருந்த இன்னொரு கடையில் வியாபாரத்தைத் தொடர்ந்துகொண்டே இதை எடுத்துக் கட்டியது. நியாய வணிகச் சட்டங்களுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் முடிவு கட்டியதும் அதே ஆண்டில்தான்.

1983-இல் கடையின் பரப்பு இரண்டு லட்சம் சதுர அடி, ஆண்டு விற்பனை 100 மில்லியன் டாலருக்கு மேல். வீட்டுச் சாமான் விற்கும் தனிக்கடை ஒன்று இவ்வளவு விற்பது அமெரிக்காவில் வேறெங்கும் இல்லை. ஒமஹாவின் மற்ற எல்லா மரச்சாமான் கடைகளும் சேர்ந்து விற்றதைவிட இது ஒன்றே அதிகம் விற்றது. பஃபெட் எந்த வியாபாரத்தை எடைபோடும்போதும், கையில் வேண்டிய பணமும் ஆளும் இருந்தால் இதோடு போட்டி போடுவேனா என்று தன்னையே கேட்டுக்கொள்வார். மிசஸ் பியோடும் அவர் பிள்ளைகளோடும் போட்டி போடுவதைவிடக் கரடியோடு மல்லுக்கட்டுவேன் என்று எழுதினார்.

அடுத்த ஆண்டுக் கடிதத்தில் அவர் தந்த எண்கள் பத்து சதவீதத்தின் ரகசியத்தைத் திறந்து காட்டுகின்றன. அப்போது நாடு முழுக்கக் கிளைகள் வைத்திருந்த லெவிட்ஸ் என்ற பெரிய மரச்சாமான் நிறுவனத்தில், விற்பனையின் ஒவ்வொரு 100 டாலரிலும் சம்பளம், வாடகை, விளம்பரம் என்று 35 டாலர் 60 சென்ட் கடைச் செலவாகப் போனது. பிளம்கின் கடையில் அது 16 டாலர் 50 சென்ட். லெவிட்ஸின் மொத்த லாபம் விற்பனையில் 44.4 சதவீதம். இங்கே அதில் பாதிக்குச் சற்றே மேல். கடை பெரிதாகி அந்தப் பழைய பத்து சதவீதம் தளர்ந்திருந்தாலும், வாடிக்கையாளருக்கும் கடைக்கும் இடையில் பணம் வீணாகும் ஓட்டைகள் அடைபட்டே இருந்தன. இந்தக் கடையால் மக்களுக்கு வருடத்துக்குக் குறைந்தது 30 மில்லியன் டாலர் மிச்சமாகிறது என்பது பஃபெட் போட்ட கணக்கு.

அப்படியானால் ஏன் விற்றார்? கடை நஷ்டத்தில் இல்லை, கடனும் இல்லை, வாரிசுக்கும் பஞ்சமில்லை. லூயியும் அவரது மூன்று மகன்களும் கடையிலேயே இருந்தார்கள். ஆனால் நிறுவனர் போன பிறகு குடும்பக் கடையை அரிப்பது பெரும்பாலும் வெளிப் போட்டி அல்ல. கடையில் உழைக்கிற வாரிசுக்கும் உழைக்காமல் பங்கு மட்டும் வைத்திருக்கிற வாரிசுக்கும் இடையில் வரும் கணக்கு அது. ஒருவருக்குக் கடை வளர வேண்டும், மற்றவருக்குப் பணம் கையில் வர வேண்டும். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கும். பங்கைப் பணமாக்கி எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, உழைக்கிறவர்களிடம் நிர்வாகத்தை விட்டுவிடுவது இதற்கு ஒரு வழி. பஃபெட்டின் ஒப்பந்தம் அதைத்தான் செய்தது. 10 சதவீதத்தை நிர்வாகத்திலிருந்த குடும்பத்தினருக்கே விட்டுவிட்டு, இன்னொரு 10 சதவீதத்தைக் குடும்பத்தின் இளைய நிர்வாகிகள் வாங்கிக்கொள்ளவும் வழி வைத்தது. கடையில் பெயர்ப்பலகை மாறவில்லை, ஆட்கள் மாறவில்லை, காலையில் கதவு திறக்கும் நேரம்கூட மாறியிருக்காது.

சொத்து கைமாறிவிட்டது. அதிகாரமும் மெல்லக் கைமாறத் தொடங்கியது. அதிலும் பெரிய சிக்கல் வரவில்லை, ஒரே ஒரு பிரிவைத் தவிர.

வயது 90-ஐத் தாண்டியும் மிசஸ் பி சின்ன மின்சார வண்டியில் உட்கார்ந்துகொண்டு கார்ப்பெட் சுருள்களுக்கு நடுவில் ஓட்டிக்கொண்டு திரிவார். கொள்முதலும் அவர்தான், விலையும் அவர்தான். பேரன்கள் ரானும் இர்வும் இப்போது கடையை நடத்தும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். 1989-இல் கார்ப்பெட் பிரிவைப் புதுப்பிப்பது, அதை நடத்தும் விதம் பற்றிக் குடும்பத்தில் கருத்து வேறுபாடு எழுந்தது. மே மாதம் பாட்டி வெளியேறினார்.

இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது எளிது, ஆனால் பயனில்லை. பேரன்கள் தவறாக எதையும் செய்துவிடவில்லை. நூறு மில்லியன் டாலருக்கு மேல் விற்கும் கடையில் ஒரு பிரிவு மட்டும் ஒருவரின் மனக்கணக்கில் ஓட முடியாது என்று அவர்கள் நினைத்திருந்தால் அது பொறுப்பான நினைப்பு. மறுபக்கம், பாட்டியிடமிருந்து எடுத்தது ஒரு பிரிவு என்று அவர்கள் எண்ணிய இடத்தில், அவருக்குப் போனது 13 வயதிலிருந்து தான் யாராக இருந்தாரோ அந்த ஆளே. 90 சதவீதப் பங்கை அவர் ஒரு கைகுலுக்கலில் கொடுத்துவிட்டார். கார்ப்பெட்டை அளந்து விலை சொல்லும் இடத்தை அவரால் கொடுக்க முடியவில்லை. பங்குக்குப் பத்திரம் எழுதலாம். இதற்கு எதை எழுதுவது?

வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க அவரால் ஆகவில்லை. சில மாதங்களிலேயே, பழைய கடைக்கு எதிரில் தன் பெயரிலிருந்த கட்டடத்தில் ‘மிசஸ் பி’ஸ் வேர்ஹவுஸ்’ என்று பலகை மாட்டினார். கார்ப்பெட்டும் மரச்சாமானும் விற்றார். மறுபடி வாரத்துக்கு ஏழு நாள் வேலை. 1991-க்குள் கடை லாபத்துக்கு வந்துவிட்டது. கார்ப்பெட் விற்பனையில் ஒமஹாவின் மூன்றாவது பெரிய கடை அது. 52 வருடத்துக்கு முன் நிலவறையில் வேலை செய்த அதே கணக்கு, 95 வயதுக் கைகளிலும் வேலை செய்தது.

அவரது 98-ஆவது பிறந்தநாளையொட்டி பஃபெட் ரோஜாப் பூங்கொத்தும் சாக்லேட் பெட்டியுமாக அந்தக் கடைக்குப் போனார். பிணக்கு மெல்லத் தணிந்தது. 1992-இல் மிசஸ் பி தானே முன்வந்து தன் கட்டடத்தையும் நிலத்தையும் பழைய கடைக்கே விற்றார், ஏறத்தாழ ஐந்து மில்லியன் டாலருக்கு. இரண்டு கடைகளும் மறுபடி ஒரே குடும்பத்தின் கீழ் வந்தன.

இதற்குப் பின் அந்தக் கடை வளர்ந்த கதை நீளமானது, ஆனால் எனக்கு அவ்வளவு சுவையாகப் படவில்லை. ஒரு செய்தி மட்டும் போதும். 1990-ஐ ஒட்டி, அயோவாவின் டி மோய்ன் நகரில் மக்கள் விரும்பும் 20 மரச்சாமான் கடைகளைச் செய்தித்தாள் ஒன்று வரிசைப்படுத்தியபோது ஒமஹாக் கடைக்கு மூன்றாமிடம் கிடைத்தது. மற்ற 19 கடைகளும் அந்த ஊரிலேயே இருந்தவை, இது மட்டும் 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. 2003-இல் கேன்சஸ் நகரிலும் 2015-இல் டெக்ஸாஸில் டாலஸ் பக்கத்திலும் மாபெரும் கிளைகள் வந்தன. ரானும் இர்வும்தான் அந்த வளர்ச்சியை நடத்தினார்கள். பாட்டியின் பத்து சதவீதத்தை அப்படியே வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்க முடியாது. அந்தப் பத்து சதவீதம் இல்லாவிட்டால் செய்வதற்கு எதுவும் இருந்திருக்காது.

1992-இல் எழுதிய இரண்டாவது ஒப்பந்தத்தில் பஃபெட் அந்த வரியை மறக்கவில்லை. போட்டிக் கடை போட மாட்டேன் என்று மிசஸ் பி உறுதி கொடுத்தார். 1983-இல் அவரது 89 வயதில் இந்த விஷயத்தில் தான் அஜாக்கிரதையாக இருந்துவிட்டதாகப் பஃபெட் பங்குதாரர்களுக்கு எழுதினார். பல வகையில் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற வேண்டியவர் அவர், 99 வயதில் இப்படி ஓர் உறுதியில் கையெழுத்துப் போட்டது அதில் இன்னொன்று என்றும் எழுதினார். கடை விற்றுப் போன பிறகும் மிசஸ் பி வீட்டோடு இருக்கவில்லை. 103 வயதுவரை அதே மின்சார வண்டியில் கார்ப்பெட் சுருள்களுக்கு நடுவில் ஓட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார். 1998 ஆகஸ்ட் 9-ஆம் தேதி இறந்தபோது அவருக்கு வயது 104.